தோட்டத்து வழக்கங்களும் பரிணாமமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தோட்டத்து ஜனம் இன்னும் முன்னேறல." மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் இப்படிச் சொல்கிறவர்கள் பலரும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள்தான். எல்லாச் சமூகமும் ஒரே ஏணியில் ஏறுகிறது என்ற பழைய எண்ணம் இது. 1877இல் மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் மனித சமூகங்களைக் காட்டுநிலை, அநாகரிகம், நாகரிகம் என்று அடுக்கினார். ஒரே மாதிரி வழக்கங்கள் வெவ்வேறு காரணங்களால் உருவாகலாம் என்று 1896இலேயே இன்னொரு மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் மறுத்தார். ஏணி இன்னும் நம் பேச்சில் நிற்பது வேதனை.

இதைவிட ஆபத்தான தவறு, நீடித்த விதி எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புவது. வேலைக்குமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ண, இருட்டோடு கூடும் பெரட்டை எடுத்துக்கொள்வோம். விடியற்காலைக் குளிர்ச்சியில் ரப்பர் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே சீக்கிரம் எழுவதற்கு மரமே காரணம். ஆனால் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணச் சொன்னது மரமல்ல. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும், ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது, நிர்வாகத்துக்குக் கணக்கு வேண்டியிருந்தது. பால்மரம் போய், எண்ணெய் தரும் செம்பனை வந்தது. குலை வெட்ட அத்தனை இருட்டு தேவையில்லை. பெரட்டு மட்டும் போகவில்லை.

கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதும் தானாக உதிரவில்லை. 1938இல் இந்திய அரசு தடை போட்டதால் நின்றது. அதனால் ஒரு வழக்கத்தை ஆராயும் மாணவர்கள் "இதனால் என்ன பயன்?" என்பதோடு நிறுத்தாமல், மீறியவருக்கு என்ன நேர்ந்தது, தண்டித்தவர் யார் என்றும் தாத்தா பாட்டிகளிடம் கேளுங்கள்.

'தகுதியுள்ளது பிழைக்கும்' என்பதை டார்வினின் சொல்லாகவே மேடைகளில் முழங்குகிறார்கள். 1864இல் அதை எழுதியவர் ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1869 பதிப்பில்தான் அதை எடுத்துக்கொண்டார்.

"அது ரத்தத்தில் ஊறியது" என்பதும் வேண்டாம். விதிகள் கற்பதால் பரவுகின்றன. பெரும்பான்மையைப் பார்த்தும், மதிப்புள்ளவரைப் பார்த்தும் மனிதர் பழகுவதை பண்பாட்டுப் பரிணாம ஆய்வாளர்கள் ராபர்ட் பாய்டும் பீட்டர் ரிச்சர்சனும் 1985இல் கணித மாதிரிகளாக்கினார்கள். நம் கண்முன்னே சான்று உண்டு: 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். சாதியையும் உயிர்ப்பலியையும் எதிர்க்கும் குரல் இங்கே வலுத்தது, புரோகிதர் இல்லாத திருமணங்கள் நடந்தன. அதே மக்களிடையே தைப்பூசக் காவடியும் தொடர்ந்தது. ரத்தம் ஒன்றுதான், கற்றதும் தேர்ந்ததும் வேறு.