ஆயா சொல்லும் பெயரும் கடையில் கிடைக்கும் சரக்கும்: உள்ளாடை வாங்கும்போது நடக்கும் தவறுகள்

வேலூர், ஆரணி, குடியாத்தம் பக்கம் எழுபதைத் தாண்டிய ஆயாக்கள் உள்ளாடைக்குச் சொல்லும் பெயர் ஒன்று, கடைப் பெட்டியில் அச்சாகியிருப்பது இன்னொன்று. சீட்டு எழுதிக்கொண்டு லாங்கு பஜாருக்குப் போகிற பேத்தி எதையாவது வாங்கி வருவாள், அது அப்படியே பீரோவில் தூங்கும்.

அதிகம் குழப்புவது ‘பாடி’. ஆயா கேட்பது பருத்தித் துணியில் தைத்து, முன்பக்கம் கொக்கியோ பொத்தானோ வைத்த பழைய மாதிரி. அதையே ‘பிரா’ என்று கேட்டால் பின்கொக்கி வைத்ததைத்தான் எடுத்துப் போடுவார்கள். தோள்பட்டை வலி உள்ளவர்களுக்குக் கை பின்னால் போகாது. ‘முன்கொக்கி, காட்டன்’ என்று சேர்த்துக் கேளுங்கள். அளவுக்குப் பழைய பாடியைக் கொண்டுபோகாதீர்கள். துவைத்துத் துவைத்து அது தளர்ந்திருக்கும். மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பின் எடுப்பான இடத்தில் ஒரு சுற்று, இரண்டையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டால் போதும்.

‘பெட்டிகோட்’ பல வீடுகளில் பெண் குழந்தையின் கவுனுக்குள் போடுகிற சிம்மீஸ். ஆன்லைனில் அதே பெயரைத் தட்டினால் புடவைக்குள் கட்டுவது வந்து இறங்கும். வெறும் ‘பாவாடை’ என்றால் தாவணிப் பாவாடையைக் காட்டுவார்கள். சித்தூர் எல்லையை ஒட்டிய தெலுங்கு வீடுகளில் ‘லங்கா’ இரண்டுக்கும் பொது. உள்ளே கட்டவா, வெளியே உடுத்தவா என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். ‘உள்பாவாடை’, ‘இன்ஸ்கர்ட்’ என்றால் எங்கேயும் வம்பில்லை.

உள்பாவாடையில் பெயர் சரியாக இருந்தும் துணியில் கோட்டை விடுகிறார்கள். பளபளப்புக்காக சாட்டின் வாங்கினால் புடவைக் கொசுவம் வழுக்கிக்கொண்டே இருக்கும். மே மாத வேலூர் வெயிலில் வியர்வையும் உறிஞ்சாது. ஆரணிப் பட்டுக்குக்கூட உள்ளே பருத்தி பாப்ளின்தான் பிடித்து நிற்கும். தைக்கக் கொடுப்பதானால், 38 அங்குல உயரத்துக்கு 36 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) இரண்டே கால் மீட்டர் எடுங்கள். ‘ரெண்டு மீட்டர் போதும்’ என்று சொல்லும் கடைக்காரர் சுருக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெட்டுவதற்கு முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் சில சலவைக்குள் ஓர் அங்குலமாவது ஏறிவிடும், புடவை ஓரம் கணுக்காலில் ஒட்டி நிழலடிக்கும்.

எத்தனை துண்டு சேர்த்துத் தைப்பது, நாலு பீஸா, ஆறு பீஸா என்று டெய்லர் கேட்டால் ஆறு பீஸ் என்றே சொல்லுங்கள். இடுப்பில் பருமன் சேராமல் கீழே அகலம் கிடைக்கும். அடிச்சுற்று சுமார் 75 அங்குலத்துக்குக் குறைந்தால் பஸ் படி ஏறும்போது முட்டியில் பிடிக்கும். பக்கவாட்டுத் திறப்பு முடிகிற இடத்தில் கெட்டித் தையல் போடச் சொல்லுங்கள். உள்பாவாடை முதலில் கிழிவது அங்கேதான்.

மடிசாருக்கு உள்பாவாடை கேட்கிறவர்களும் உண்டு, பழைய காலக் கதைக்கு உடை தைக்கும் நாடகக்காரர்கள் முக்கியமாக. ஒன்பது கெஜப் புடவையைக் காலுக்கிடையே கொண்டுபோய்ச் செருகுவதால் மரபுப்படி அதற்குள் உள்பாவாடை கிடையாது.

கடைசியாக நாடா. இதில் செய்யும் தவறு உடம்பையே பதம் பார்க்கும். மெல்லிய கயிறு கோத்து, புடவை நழுவாமலிருக்க இறுக்கி, வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டால் தோல் கறுத்து, அரித்து, புண்ணாகும். ஆறாத அப்படிப்பட்ட புண்ணில் தோல் புற்றுநோய் வந்ததை 2024-இல் மருத்துவ இதழிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அரை அங்குல அகலப் பருத்தி நாடா வாங்குங்கள்; நீளம் இடுப்பளவோடு 24 அங்குலம் கூட்டி. நாடா முறுக்காமல் ஓட நெஃபா, அதாவது நாடா கோக்கும் இடுப்பு மடிப்பு, ஓர் அங்குலமாவது இருக்கட்டும். ஊக்கு மாட்டிக் கோத்த பிறகு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுவிடுங்கள், சலவையில் உள்ளே ஓடாது. நாலு பாவாடை இருந்தால் இரண்டில் திறப்பை இடப்பக்கமும் இரண்டில் வலப்பக்கமும் வைத்துத் தைத்து மாற்றி மாற்றிக் கட்டலாம். முடிச்சு தினமும் ஒரே இடத்தில் அழுத்தாது. ராத்திரி படுக்கும்போது நாடாவைத் தளர்த்திவிட வேண்டும். தழும்பில் புண் வந்து இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.