விர்ச்சுவல்பாக்ஸ்: விண்டோஸில் கைவைக்காமல் லினக்ஸை நிறுவிப் பார்க்க

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம், விண்டோஸை அழிக்கவும் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருள் விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கித் தரும். ஆரக்கிள் பராமரிக்கும் இந்த மென்பொருள், 7.0 பதிப்பிலிருந்து ஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமத்தில் வருகிறது. இங்கே அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுவோம். அதிகம் நினைவகம் கேட்காத பதிப்பு அது.

எதையும் தரவிறக்கும் முன், மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவலைசேஷன் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்கினால், கீழே 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு' என்று இருக்க வேண்டும். 'டிசேபிள்டு' என்றிருந்தால் மெய்நிகர் கணினி தொடங்கவே தொடங்காது. கணினியை அணைத்து, மீண்டும் போடும்போது பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள், செல்லுங்கள். டெல் கணினிகளில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, பெரும்பாலான டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் டெலிட் பொத்தான். இன்டெல் என்றால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்' என்பதை இயக்கிச் சேமியுங்கள். விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் அதன் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டே பயாஸைத் தொடுங்கள். அமைப்பு மாறியதும் சில கணினிகள் அதைக் கேட்கும்.

விர்ச்சுவல்பாக்ஸ் தளத்தில் விண்டோஸுக்கான தொகுப்பை மட்டும் எடுத்தால் போதும். நிறுவும்போது இணைய இணைப்பு சில நொடிகள் அறுந்து வரும். மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ தொகுப்பு இல்லை என்று நின்றுவிட்டால் அதை முதலில் போட்டுவிட்டு வாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் வசதித் தொகுப்பு திறமூலம் அல்ல. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம், அலுவலகத்தில் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும். யுஎஸ்பி 2, 3 ஆதரவு 7.0-இலிருந்து அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டதால், பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை.

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் டிஸ்க்கின் முழுப் படிமம்) இறக்கியதும், விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' கொடுத்து அதைத் தேர்ந்தெடுங்கள். வகை லினக்ஸ், பதிப்பு உபுண்டு 64-பிட் (மின்ட், உபுண்டு என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டது). அதே சாளரத்தில் தானாக நிறுவும் வசதி ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் உபுண்டுவை நிறுவியவர்கள், தாங்கள் வைக்காத பயனர் பெயரும் கடவுச்சொல்லும், நிர்வாகி உரிமை இல்லாத கணக்குமாக மாட்டிக்கொள்வது வழக்கம்.

நினைவகத்தில் தாராளம் காட்டக் கூடாது. 8 ஜிபி உள்ள கணினியில் 4096 எம்பி வரை கொடுக்கலாம். அளவுகோலின் பச்சைப் பகுதியைத் தாண்டினால் விண்டோஸுக்கு நினைவகம் போதாமல் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், இரண்டுமே ஊர்ந்து செல்லும். சிபியு 2, டிஸ்க் 25 ஜிபி. முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கும் கட்டத்தில் டிக் போட வேண்டாம். டிஸ்க் கோப்பு சிறிதாகத் தொடங்கித் தேவைக்கேற்ப வளரும். ஆனால் உள்ளே கோப்புகளை அழித்தாலும் அது தானாகச் சுருங்காது. எஸ்எஸ்டியில் வைப்பது நல்லது. ஃபேட்32 பென் டிரைவில் வைக்கவே வேண்டாம், அங்கே ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

'ஸ்டார்ட்' கொடுத்தால் மின்ட் நேரடியாகத் திறக்கும். முகப்பில் உள்ள 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' சின்னத்தை இருமுறை சொடுக்குங்கள். நடுவில் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற வரி வரும்போது பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். தைரியமாகத் தொடரலாம். அழியப்போவது அந்த 25 ஜிபி மெய்நிகர் டிஸ்க் மட்டுமே, உங்கள் சி டிரைவ் அதன் கண்ணிலேயே படாது. முடிந்து மறுதொடக்கம் ஆனபின் மீண்டும் நிறுவல் திரையே வந்தால், டிவைசஸ் மெனுவில் ஆப்டிகல் டிரைவிலிருந்து ஐஎஸ்ஓவை நீக்குங்கள்.

சாளரத்தைப் பெரிதாக்கும்போது உள்ளே திரையும் கூடவே விரிகிறதா என்று பாருங்கள். விரியாவிட்டால் மின்ட்டின் மென்பொருள் நிறுவியான சினாப்டிக் வழியாக, கம்பைலர் அடங்கிய பில்ட்-எசென்ஷியல் தொகுப்பைப் போட்டுவிட்டு, டிவைசஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் (உள்ளே ஓடும் லினக்ஸுக்கான துணை இயக்கிகள்) சிடியைச் செருகி இயக்குங்கள். நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலர் இல்லாமல் இயக்கினால், லினக்ஸின் மையத்தோடு இணையும் கெர்னல் மாட்யூல்களைக் கட்ட முடியாமல் நின்றுவிடும். மவுஸ் சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டால் வலப்பக்க கன்ட்ரோல் அதை விடுவிக்கும். அந்தப் பொத்தான் இல்லாத லேப்டாப்பில் பிரெஃபரன்சஸில் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் மந்தமாக ஓடுகிறதா? சாளரத்தின் அடியில் இருக்கும் சின்னங்களில் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 அதன்பின் ஓடாது. அது வேண்டியவர்கள் வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்வதே மேல். அப்படியும் ஆமை போகவில்லை என்றால் காரணம் விண்டோஸ் செக்யூரிட்டியின் 'மெமரி இன்டக்ரிட்டி'யாக இருக்கலாம். அது பாதுகாப்பு அம்சம், வெறும் சோதனைக்காக அதை அணைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இத்தனை வேலைக்கும் பலன், மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டில் இருக்கிறது. நிறுவி, புதுப்பித்து முடித்ததும் ஒன்று எடுத்துவிடுங்கள். பிறகு எதைக் கெடுத்தாலும், அணைத்துவிட்டு 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் அதைக் காப்புப் பிரதியாக நினைக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் மூல டிஸ்க் கோப்பையே நம்பி நிற்கிறது, அது போனால் இதுவும் போகும். இடம் மிச்சப்படுத்த அந்தக் கோப்புறைக்குள் எதையும் கையால் அழிக்கவும் கூடாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க: விண்டோஸில் வைத்திருக்கும் தமிழ் விசைப்பலகை உள்ளே வேலை செய்யாது. மெய்நிகர் கணினிக்குப் போவது விசை அழுத்தம் மட்டுமே, எழுத்து அல்ல. மின்ட்டின் கீபோர்டு அமைப்பில், லேஅவுட் பகுதியில் தமிழ்நெட் 99 விசைப்பலகையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

போதும் என்று தோன்றினால், மெய்நிகர் கணினியின் பெயரை வலச்சொடுக்கி 'ரிமூவ்', பிறகு எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் தெரிவு. கோப்புகளை அழிக்காமல் 'ரிமூவ்' மட்டும் கொடுத்து நிறுத்தினால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும், டிஸ்க் கோப்பு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.