தோல்வாரைச் சுத்தம் செய்வது எப்படி: கறுப்பு வேறு, படலம் வேறு

கத்தி தீட்டும் தோல்வார் கறுத்துவிட்டது என்பதற்காக உடனே சுத்தம் செய்யத் தேவையில்லை. அந்தக் கறுப்பு கத்தியிலிருந்து உரசி வந்த இரும்புத்தூள்; வேலை நடப்பதற்கு அடையாளம். சுத்தம் செய்யும் நேரத்தை நகம்தான் சொல்லும். நகத்தைத் தோல்பட்டைமேல் வைத்து இழுங்கள். லேசாகப் பிடித்தால் விட்டுவிடலாம். கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கினால், மெழுகும் இரும்புத்தூளும் சேர்ந்து படலமாக இறுகிவிட்டன. பச்சைக் காம்பவுண்டின் (தோலில் தடவும், மெழுகு கலந்த தீட்டுப்பொடிக் கட்டி) துகள்கள் அதற்கடியில் புதைந்து கிடக்கும், கத்தியைத் தொடாது. இந்த நிலையில் மேலே இன்னொரு பூச்சுத் தேய்த்தால் படலம்தான் தடிக்கும்.

இங்கே சொல்வது மரப்பலகையில் ஒட்டிய, காம்பவுண்ட் தடவிய பட்டைக்கு. முன்பு சலூன்களில் தொங்கிய மாதிரியான வெறும் தோல்வாரை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அதில் உப்புத்தாள் படவே கூடாது.

1. சுரண்டுதல். ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, தோல் வெதுவெதுப்பாகும்வரை காட்டுங்கள். மே மாதமென்றால் மொட்டை மாடி வெயிலில் ஐந்து நிமிடம் போதும். அதற்குமேல் வைத்தால் தோல் வறண்டு விறைக்கும். மெழுகு இளகியதும் பழைய ஏடிஎம் கார்டை நிமிர்த்திப் பிடித்து, ஒரே திசையில் இழுங்கள். கறுப்பு மெழுகு சுருள் சுருளாக வரும். ஸ்டீல் ஸ்கேலைவிட கார்டுதான் நல்லது. ஸ்கேலின் மூலை தோலைக் கீறிவிடும்.

2. எண்ணெய். இன்னும் வழுக்கினால் லிக்விட் பாரபின் நான்கைந்து சொட்டு விட்டு, விரலால் பரப்பி, பத்து நிமிடம் கழித்து மறுபடி சுரண்டித் துடைக்கவும். பேபி ஆயிலும் சரிதான். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அதை அளவில்லாமல் விட்டுத் தோலைத் தொளதொளவென்று ஆக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. தண்ணீரும் சோப்பும் அறவே கூடாது. நனைந்து காய்ந்த தோல் விறைத்துக் கோணிக்கொள்ளும், ஓரத்தில் பசையும் விடும்.

பெரும்பாலும் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

3. உப்புத்தாள். வெட்டுக்காயமோ பள்ளமோ இருந்தால் மட்டும். எண்ணெய் விட்ட அன்றே செய்யாதீர்கள், தாள் அடைத்துக்கொள்ளும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். 220 நம்பர் தாளை கிரானைட் சமையல் மேடையில் டேப் போட்டு ஒட்டி, பட்டையைக் கவிழ்த்து அதன்மேல் இழுங்கள். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் நடுவில் குழி விழும். தோல்மேல் முதலில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். பத்து இழுப்புக்குப் பிறகு கோடு எங்கே மிச்சம் இருக்கிறதோ, அங்கே பள்ளம். கோடெல்லாம் அழியும்வரை இழுத்து, 400 தாளில் முடிக்கவும்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்து. தாளிலிருந்து உதிர்ந்த மணல் தோலுக்குள் மாட்டிக்கொள்ளும். 220 தாளின் துகள் சுமார் 60 முதல் 70 மைக்ரான்; பச்சைக் காம்பவுண்ட் பொதுவாக அரை மைக்ரான் அளவு என்று விற்கப்படுகிறது. நூறு மடங்குக்கு மேல் பெரிய துகள் ஒன்று இருந்தாலே, தீட்டும் ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியின் வாயில் கீறல் விழும். "சுத்தம் பண்ணினப்புறம் கத்தி இன்னும் மோசமா வெட்டுது" என்பதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பழைய டூத் பிரஷ்ஷால் நான்கு திசையிலும் தட்டித் துலக்குங்கள். பிறகு செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். டேப்பை வெளிச்சத்தில் பார்த்தால் மணல் மின்னும். மின்னுவது நிற்கும்வரை புது டேப்.

4. காம்பவுண்ட். கிரேயானில் கிறுக்குவதுபோல லேசாக. தோலின் நிறம் இடையிடையே தெரிய வேண்டும். கட்டை விரலால் தேய்த்துப் பரப்புங்கள், அந்தச் சூடே போதும். கட்டி கட்டியாக நின்றால் அதிகம், சுரண்டி எடுத்துவிடுங்கள்.

தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும். கத்தியின் எடையே போதும். அழுத்தினால் தோல் அமுங்கி, வாயைச் சுற்றி எழும்பி, கூர்முனையை உருட்டிவிடும். காம்பவுண்ட் பட்டையில் தீட்டிய கத்தியைக் கழுவிவிட்டே காய் நறுக்குங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு: அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை சென்னையில் தோல் பூஞ்சை பிடிக்கும். சிங்க்குக்கு அடியிலும் பிளாஸ்டிக் கவரிலும் வைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, காற்றாடும் அலமாரியில் வையுங்கள். சாம்பல் புள்ளி வந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நிழலில் காயவிடவும். ஸ்பிரிட்டை நேரடியாக ஊற்றினால் பசை கழன்றுவிடும்.

தோல் 1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுவதே மேல். பெரியமேட்டுத் தோல் கடைகளில் "வெஜிடபிள் டேன், ரெண்டரை எம்எம்" (தாவரப் பொருளில் பதனிட்ட தோல்) என்று கேளுங்கள். சோபா தோலைக் காட்டினால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், அது மெத்தென்று அமுங்கும். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை. பட்டை போட்டுப் பதனிட்ட கெட்டித் தோல் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். வாங்குமுன் வளைத்துப் பாருங்கள்: விறைப்பாக எதிர்த்து நிற்க வேண்டும், ஆனால் மடிப்பில் வெடிக்கக் கூடாது.