பழைய மென்பொருளை முடக்காமல் நீண்ட தமிழ்க் கோப்புப் பெயர்களைக் கையாள்வது எப்படி?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் நடத்தும் சிறு தமிழ் நூலகத்தின் ஸ்கேன் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றியபோது, பல அடுக்குக் கோப்புறைகளுக்குள் இருந்த சில கோப்புகள் திறக்கவே இல்லை. டிரைவ் எழுத்து முதல் கோப்பின் பெயர் வரை முழுப் பாதையும் 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்னும் விண்டோஸின் பழைய வரம்பே அதற்குக் காரணம்.

முதலில் பெயர்களை அளந்து பாருங்கள். ‘கொள்கை’ நம் கண்ணுக்கு 3 எழுத்துகள். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையின் கணக்கில், உயிர்மெய்க் குறியீடுகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 6 குறிகள். லினக்ஸ் கணினிகளின் எக்ஸ்ட்4 (ext4) என்னும் கோப்புச் சேமிப்பு அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே உண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்வதால் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும்.

2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து 260 என்ற வரம்பை நீக்க முடியும். காப்புநகல் எடுத்தபின், விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘லாங் பாத்ஸ் எனேபிள்டு’ (LongPathsEnabled) மதிப்பை 1 ஆக்கிக் கணினியை மறுபடி தொடங்குங்கள். ஆயினும், நீண்ட பாதைகளை ஏற்பதாகத் தானே அறிவித்த மென்பொருளுக்கு மட்டுமே அது பயன்படும். 260 குறிகளுக்கே நினைவகம் ஒதுக்கி எழுதப்பட்ட பழைய நிரல்கள் இதனால் பாதிக்கப்படாமல் இருப்பதால், கணினி, மென்பொருள் இரண்டும் இசைய வேண்டிய இந்த இரட்டை ஒப்புதலை மிக நியாயமான ஏற்பாடாகவே கருதுகிறேன்.

அறிவிக்காத பழைய மென்பொருளுக்கு, விண்டோஸின் ‘சப்ஸ்ட்’ (subst) கட்டளையால் ஆழமான கோப்புறை ஒன்றுக்குத் தனி டிரைவ் எழுத்தைக் கொடுத்தால் பாதை சுருங்கிவிடும். கணினியை மறுபடி தொடங்கினால் அக்கட்டளையையும் மீண்டும் இட வேண்டும்.