ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) கூடியிருக்க இரத்தம் குறைவது ஏன்? ரிப்போர்ட்டை வாசிக்கும் முறை

மூட்டுவாதம், காசநோய், நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கிளினிக் போகிறவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே இரும்புக் குளிசையைத் தேடுகிறோம். பல வேளை உடலில் இரும்பு இருக்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை.

அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லூகின்-6 என்ற புரதம், ஈரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும். ஹெப்சிடின், செல்களிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசலான ஃபெரோபோர்ட்டினை அழித்துவிடும். பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து மக்ரோபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் நாளொன்றுக்கு மீட்கும் 20–25 மில்லிகிராம் இரும்பு அங்கேயே முடங்கும். குடல் எடுத்துத் தருவதோ 1–2 மில்லிகிராம்தான், அதுவும் தடைப்படும். கூடவே டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 என்ற அழற்சிப் புரதங்கள் இரண்டும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயெட்டினைக் குறைத்து என்பு மச்சையையும் மந்தமாக்கும்.

முதலில் எஃப்.பி.சி. என்ற முழு இரத்தக் கணிப்பைப் பாருங்கள். ஹீமோகுளோபின் ஒரு டெசிலீட்டரில் ஆணுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் இரத்தசோகை. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) அழற்சியால் வரும் சோகையில் பெரும்பாலும் 80–100க்குள் நிற்கும். நன்றாகக் குறைந்திருந்தால் இரும்புக் குறைபாட்டோடு தலசீமியா ட்ரெயிட்டையும் (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாற்றின் மென்வடிவம்) நினையுங்கள்.

ஃபெரிட்டினைத் தனியே வாசிக்கவே கூடாது. அழற்சியே அதை உயர்த்திக் காட்டும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இரத்தத்தில் ஓடும் சீரம் இரும்பு, இரத்தம் சுமக்கக்கூடிய மொத்த இரும்பைக் காட்டும் டி.ஐ.பி.சி. எல்லாவற்றுக்கும் காலையில் ஒரே தடவை இரத்தம் கொடுங்கள். மூதூர், குச்சவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு வருபவருக்கு இரண்டாவது பயணமும் மிச்சம். சீரம் இரும்பை டி.ஐ.பி.சி.யால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். இரும்பு 6, டி.ஐ.பி.சி. 40 என்றால் 15 சதவீதம். இந்தச் சதவீதம் 20க்குக் கீழே இருக்க, ஃபெரிட்டின் (ng/mL) 30க்குக் குறைவென்றால் உண்மையான குறைபாடு, சி.ஆர்.பி. உயர்ந்து ஃபெரிட்டின் 100ஐத் தாண்டினால் இரும்பு முடக்கம். இடையில் என்றால் பெரும்பாலும் இரண்டும் கலந்தது.

முடக்கத்துக்கு மருந்து மூலநோயை அடக்குவதே. குறைபாடும் இருந்தால் வைத்தியரிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை பற்றிக் கேளுங்கள்: ஒரு குளிசை இரும்பே ஹெப்சிடினை ஏறக்குறைய 24 மணிநேரம் உயர்த்தி, அடுத்த குளிசையை வீணாக்கும். பிளேன்டீயோடு விழுங்க வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. சிறுநீரக நோயாளருக்கு எரித்ரோபொயெட்டின் ஊசியோ இரத்தநாளம் வழியாக ஏற்றும் இரும்போ தேவைப்படலாம், ஆனால் கடும் தொற்று இருக்கும்போது நாளவழி இரும்பு ஏற்றுவதில்லை.

ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனால் அழற்சியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மூட்டுவலிக்கு டைக்குளோஃபெனாக் போடுபவருக்கு இரைப்பையில் இரத்தம் கசிந்து மலம் கறுக்கலாம். இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும்தான்; தார்போல ஒட்டி, கடும் நாற்றம் வீசினால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.