சுற்ற மறுத்த கொரோனா மோட்டார்

பிளாஸ்டிக் கப்பை ரோட்டராகக் கவிழ்த்து, சுற்றிலும் ஷேவிங் பிளேடுகளை நிறுத்திச் செய்த சிறிய நிலைமின் மோட்டார். ஒன்று விட்டு ஒன்று பாசிட்டிவ், எர்த். பிளேடு விளிம்பு காற்று வழியே கப்பின் மேல் மின்னூட்டத்தைத் தெளிக்கும்; கூர்முனையிலிருந்து இப்படி மின்னூட்டம் காற்றில் கசிவதுதான் கொரோனா. அந்த இடம் விலக்கப்பட்டு, அடுத்த பிளேடை நோக்கி இழுபடும். 10 கிலோவோல்ட் கொடுத்தும் கப் அசையவில்லை.

விளக்கை அணைத்ததும் காரணம் தெரிந்தது: வயர் முனைகளில் ஊதா ஒளி. கிடைக்கும் மின்னோட்டமே மைக்ரோஆம்பியர் கணக்கில்தான். அதுவும் வழியிலேயே காற்றில் கசிந்துகொண்டிருந்தது. பிளேடு விளிம்பு மட்டும் கூராக இருந்தால் போதும். மற்ற முனைகளில் எல்லாம் சால்டர் உருண்டை வைத்து மழுக்கினேன். அப்புறம் கப்பிலும் அக்ரிலிக் தாங்கிகளிலும் இருந்த விரல் பிசுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டேன். ஈரப்பசைதான் இந்த மோட்டாருக்குப் பெரிய எதிரி.

இப்போது நகர்ந்தது, ஆனால் சோம்பலாக. கப்பின் உட்புறம் அலுமினியத் தாளை ஒட்டிய பிறகுதான் வேகம் பிடித்தது. பிளேடுக்கும் தாளுக்கும் நடுவே மின்புலம் வலுக்கிறது, தெளிக்கும் மின்னூட்டமும் கூடுகிறது. என் கணிப்பில் இதுதான் மிகப் பெரிய மாற்றம்.

பிளேடுகளை ரொம்ப நெருக்க வேண்டாம். காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட்தான் தாங்கும்; மீறினால் தீப்பொறி பாயும். சரிசெய்யும் முன் சப்ளையை அணைத்து, முனைகளை எர்த்தோடு தொட்டு மின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள்.