பேசத் தாமதமாகும் குழந்தைக்கு வீட்டிலும் மருத்துவமனையிலும் செய்ய வேண்டியவை

ஒன்றரை வயதாகியும் குழந்தை வாய் திறக்கவில்லையே என்று தாய் கவலைப்பட்டால், "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்ற பதில் எல்லா வீட்டிலும் தயாராக இருக்கிறது. சில குழந்தைகளின் விஷயத்தில் அது பலித்தும் விடுகிறது; சிக்கலே அங்குதான். தானாகப் பேசிவிடப்போகும் குழந்தை எது, உதவி தேவைப்படும் குழந்தை எது என்பதைச் சொற்களை எண்ணி மட்டும் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே எண்ணுவதற்கு முன் குழந்தையின் கண்ணையும் விரலையும் கவனியுங்கள்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வாரானை என்று பருவங்களை அடுக்கிய அவர்கள், அதன்பின் நிலாவை விளையாட அழைக்கும் அம்புலியை வைத்தார்கள். நிலாவைக் காட்டியதும் குழந்தை நம் விரலைத் தாண்டி வானத்தைப் பார்க்கிறதா, பிறகு தானே விரல் நீட்டி "அதோ பார்" என்பதுபோல் நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்பது, பேச்சு வருவதற்கு முன்னால் வரவேண்டிய முக்கியமான அறிகுறியாகும். சொல் ஒன்றும் இல்லாவிட்டாலும் காக்கையைச் சுட்டிக்காட்டி, "தண்ணி எடு" என்றால் டம்ளரைத் தேடி, டாட்டா காட்டும் குழந்தையைவிட, நாலைந்து சொற்களைச் சொல்லியும் யார் முகத்தையும் பார்க்காத குழந்தைக்கே விரைவான கவனம் தேவைப்படலாம்.

ஏறத்தாழ 9 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புதல், ஒரு வயதில் கையசைத்தல், ஒன்றரை வயதுக்குள் விரல் நீட்டிக் காட்டுதலும் சில சொற்களும், இரண்டு வயதில் "அம்மா வா" போன்ற இரு சொல் தொடர் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். முன்பு சொல்லிவந்த சொல்லையோ செய்துவந்த செயலையோ குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஐயம் எழுந்தால் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து "காது நல்லாத்தான் கேட்குது" என்று முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. குழந்தை நம் நிழலைப் பார்த்தும் தரையின் அதிர்வை உணர்ந்தும் திரும்பக்கூடும். தாழ்ந்த ஒலி கேட்டு உயர்ந்த ஒலி மட்டும் கேட்காமலும் இருக்கலாம். ஒலிக்கு உள்காது தரும் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ., செவி நரம்பின் எதிர்வினையை அளக்கும் பெரா ஆகிய சோதனைகளுக்குக் குழந்தையின் பதில் தேவையில்லை; தூங்கும்போதே செய்துவிடலாம். குறைபாடு கடுமையானதாக இருந்து, உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி தேவைப்பட்டால், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவை சிகிச்சைக்கு இடமுண்டு. எனினும் கடைசி வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எவ்வளவு முன்னதாகச் செய்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு எளிதாக வரும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதால் பேச்சு வராது. அதைத் தேனில் குழைத்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்தானதும்கூட.

வீட்டில் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி சோறூட்டும் நேரத்திலேயே அடங்கிவிடும். இப்போது பல வீடுகளில் கைபேசி ஓட, வாய் தானாகத் திறக்க, பருப்புச் சாதம் உள்ளே போகிறது. அரைமணி நேரத்தில் குழந்தையும் ஊட்டுபவரும் ஒருவரையொருவர் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, குழந்தையின் முகத்துக்கு நேராக அமர்ந்து, ஒரு வாய் ஊட்டியபின் அடுத்த உருண்டையைக் கையில் பிடித்தபடி "இன்னும்?" என்று கேட்டு நிறுத்துங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் பெரியவர்களுக்குத்தான் தாங்காது. குழந்தைக்கு அது தன் முறை. கண்ணால் பார்த்தாலும், கையை நீட்டினாலும், "ம்" என்றாலும் அதைப் பதிலாக ஏற்று, "இன்னும் வேணும்" என்று நீங்கள் சொல்லி உடனே ஊட்டிவிடுங்கள். சொன்னால்தான் சோறு என்று பிடிவாதம் பிடிக்கலாகாது. "இது என்ன, அது என்ன" என்று தேர்வு நடத்துவதைவிட, அது பார்க்கும் பொருளின் பெயரை நீங்களே சொல்வது பயன் தரும். இரண்டு மொழி பேசும் வீடு என்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள்.

இவற்றைச் செய்துகொண்டே மருத்துவரையும் பார்க்க வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளின் குறைபாடுகளை முன்கூட்டியே கண்டறிய 2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறார்கள். அவர்கள் வரும் நாளைப் பணியாளரிடம் கேட்டு, அன்று குழந்தையை அனுப்பத் தவறாதீர்கள். அவர்கள் மேல்பரிசோதனைக்கு அனுப்புவது குறைபாடுகளுக்குத் தொடக்கத்திலேயே உதவும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் மாவட்டத்தின் அரசு மருத்துவமனையில் வழிகாட்டுவார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி உள்ளிட்ட பயிற்சிகளை அளிக்கின்றன.

புது இடத்தில் குழந்தை மிரண்டு அழும். மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடத்தில் தன் இயல்பைக் காட்டாது. ஆதலால் வீட்டில் விளையாடுவதையும், பெயர் சொல்லி அழைக்கும்போது நடப்பதையும், வேண்டியதைக் கேட்கும் விதத்தையும் இரண்டிரண்டு நிமிடக் காணொளிகளாக எடுத்துச் செல்லுங்கள். தடுப்பூசி அட்டை, பிறந்தபோதைய மருத்துவமனைக் குறிப்பு ஆகியவற்றோடு, அது சொல்லும் சொற்களை அது உச்சரிக்கும் விதத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்னால், எத்தனை நாள் என்றும் அதற்குள் எது வந்திருக்க வேண்டும் என்றும் கேட்டு, அடுத்த தேதியை அதே தாளில் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.